சி டிரைவ் நிரம்பிவிட்டதா? மென்பொருளைத் தொடாதீர்கள், கோப்புகளை நகர்த்துங்கள்

விண்டோஸில் சி டிரைவின் பட்டை சிவப்பாக மாறியதும் நான் செய்த முதல் காரியம், ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் பெரிதாக இருந்த ஒன்றை கட் செய்து டி டிரைவில் ஒட்டியது. அப்புறம் ஐகானை எத்தனை முறை கிளிக் செய்தும் மென்பொருள் திறக்கவில்லை. ஷார்ட்கட்டும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியும் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருந்தன. மென்பொருள் குடியேறிய இடத்திலேயே இருக்கட்டும். வீடு மாற வேண்டியவை நம் கோப்புகள்தான்.

1. எது இடத்தை அடைக்கிறது?

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் ஓரளவு தெரியும். எனக்குப் பிடித்தது விஸ்ட்ரீ, எந்தக் கோப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் மென்பொருள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான கோப்பு முறை) டிரைவின் கோப்பு அட்டவணையை நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில் முடித்துவிடும்.

2. வேண்டாத மென்பொருளை நீக்குங்கள்

செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய், அளவு வாரியாக வரிசைப்படுத்தி நீக்குங்கள். விண்டோஸ் 10 என்றால் ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ். நீக்கிய பிறகும் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் மிச்சம் கிடக்கலாம். சந்தேகமாக இருந்தால் அழிக்க வேண்டாம். பெயரை மட்டும் மாற்றி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதையும் நிறுவாதீர்கள். அதனால் மிச்சமாகும் இடம் ஒன்றுமில்லை, வரும் தலைவலிதான் அதிகம்.

3. டாக்குமென்ட்ஸை டி டிரைவுக்கு மாற்றுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் டி டிரைவுக்குள் ஒரு புது ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு டாக்குமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, லொகேஷன் என்ற தாவலில் மூவ் பொத்தானை அழுத்தி, அந்தப் புது ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். பழைய கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்டால், சரி என்று சொல்லுங்கள்.

நான் புது ஃபோல்டர் உருவாக்காமல் டி டிரைவையே தேர்ந்தெடுத்துவிட்டேன். அவ்வளவுதான், டி டிரைவ் முழுவதுமே டாக்குமென்ட்ஸ் ஆகிவிட்டது! ரீஸ்டோர் டிஃபால்ட் அழுத்தினால் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பியது.

கடைசியில் ரெஜிஸ்ட்ரி எடிட்டர்தான் கைகொடுத்தது. கரன்ட் யூசர் கிளைக்குள் எக்ஸ்ப்ளோரர் பகுதியில் யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ் என்று ஒன்று இருக்கும். அதை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்குமென்ட்ஸ் என்ற பெயரைத் தேடிக்கொண்டே இருந்தேன். அங்கே அதன் பெயர் பெர்சனல். அதில் சரியான முகவரியை எழுதி, சைன் அவுட் செய்து திரும்ப நுழைந்ததும் சரியானது. டவுன்லோட்ஸில் இதே தவறு செய்தவர்கள் பெர்சனலுக்குப் பதிலாக அதே இடத்தில் 374 என்று தொடங்கும் நீண்ட எண்ணெழுத்து வரியைத் தேட வேண்டும்.

4. உள்ளே அடுக்குவது

நான் வைத்திருப்பது நான்கே ஃபோல்டர்: பணி, வீடு, படங்கள், பரண். ஒரு வருடமாகத் திறக்காதது பரணுக்குப் போகும். தேதி போடுவதானால் 2025-03-14 என்று ஆண்டை முன்னால் எழுதுங்கள். பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகத் தோண்டாதீர்கள். பல மென்பொருள்களுக்கு முழு முகவரியும் 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் தீரும். "கோப்புகள்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறி. துணைக்காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும்.

பின்சேர்க்கை: மூவ் அழுத்தினால் மாறவே மாட்டேன் என்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் டாக்குமென்ட்ஸுக்கு பேக்கப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியானால் அந்த ஃபோல்டர் ஏற்கெனவே ஒன்டிரைவுக்குள் இருக்கிறது. அதன் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்திவிட்டு 3-ஆம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

இன்னொன்று: ஒருவர் இதே வேகத்தில் ஆப்டேட்டாவையும் கட் செய்து டி டிரைவுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம். அது நம் பொருள் இல்லை, மென்பொருளுடையது.