பேஸ்பால் ரசிகரா? படம் வரைந்து போஸ்ட் போடும் முன் இதைப் பாருங்கள்

ஃபேன் ஆர்ட்டில் பலரும் மாட்டிக்கொள்வது இடது, வலது விஷயத்தில்தான். ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி பந்து வீசுவது வலது கையால், பேட்டிங்கில் மட்டும் இடது கை ஆட்டக்காரர். இன்னொரு ஜப்பானிய ஆட்டக்காரரான இச்சிரோவும் அப்படித்தான். இணையத்தில் யாரோ இடவலமாகத் திருப்பிப் போட்ட போட்டோவைப் பார்த்து வரைந்தால், முதல் கமெண்டே அதைப் பற்றித்தான் வரும். இதற்காக வெட்கப்பட வேண்டாம், ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகளை அச்சிடும் டாப்ஸ் நிறுவனமே இதில் சறுக்கியிருக்கிறது. 1957இல் வந்த ஹாங்க் ஆரன் கார்டில் நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சடித்துவிட்டார்கள். வலது கை ஆட்டக்காரரான ஆரன் அதில் இடது கைக்காரர்போல நிற்பார், ஜெர்சியில் 44 திரும்பித் தெரியும். ஆக, போட்டோவில் முகத்தை விடுங்கள், முதலில் எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். அப்புறம் பிடி: வலது கை பேட்டருக்கு இடது கைதான் கீழே, பேட்டின் குமிழ்ப் பக்கம் இருக்கும். மிக்கி மேன்டில்போல இரு பக்கமும் ஆடுகிறவரை வரைந்தால் பாதிக் கவலை குறையும்.

அடுத்தது ஜெர்சி. பேப் ரூத் 1927இல் 60 ஹோம் ரன் அடித்த காட்சியை வரைந்து முதுகில் 3 என்று போடுகிறவர்கள் ஏராளம். அவர் ஆடிய நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆட்டக்காரர்கள் முதுகில் எண் ஏறியதே 1929இல்தான். அந்த அணியின் சட்டையில் ஆட்டக்காரர் பெயர் இன்றைக்கும் கிடையாது. 42ஐயும் யாருக்கும் சும்மா போட்டுவிடாதீர்கள். நவீன மேஜர் லீக்கின் முதல் கறுப்பின ஆட்டக்காரரான ஜாக்கி ராபின்சனின் அந்த எண்ணுக்கு 1997இல் எல்லா அணிகளும் ஓய்வு கொடுத்துவிட்டன. ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லோரும் அதையே அணிவார்கள்.

நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்துக்கு ஏற்பப் புள்ளி சேர்க்கும் ஃபேண்டஸி லீக்கில் பிடித்த அணியின் ஆட்டக்காரர்களையே அள்ளிப் போட்டால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். வழக்கமான லீக்குகளில் ஃபீல்டிங்குக்குப் புள்ளியும் கிடையாது. அதைவிட மோசம், தன் கணக்கில் புள்ளி குறைந்ததற்காக ஆட்டக்காரரையே டேக் செய்து திட்டுவது. அவர் உங்கள் லீக்குக்காக ஆடவில்லை, சரியா?

செய்தியைப் பகிர்வதில் உள்ள ஆபத்துக்கு 2023 டிசம்பர் 8 ஒன்றே போதும். புது அணி தேடிக்கொண்டிருந்த ஓட்டானி, டொராண்டோ அணியில் சேர அங்கே பறக்கிறார் என்று செய்தி கிளம்ப, ரசிகர்கள் ஒரு தனி விமானத்தை வரைபடத்தில் நிமிடத்துக்கு நிமிடம் துரத்தினார்கள். அதிலிருந்து இறங்கியவர் ராபர்ட் ஹெர்ஜவெக் என்ற கனடா தொழிலதிபர். மறுநாள் ஓட்டானியே இன்ஸ்டாகிராமில் தன் புது அணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் என்று அறிவித்தார். அவ்வளவு நேரம் டொராண்டோ நீலத்தில் அவரை வரைந்து தள்ளியவர்கள் பாவம். ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர் என்றதும், ஆண்டுக்கு 7 கோடி வாங்குகிறார் என்று மீம் போடாதவர் இல்லை. ஒப்பந்தக் காலத்தில் அந்தச் சம்பளத்தில் ஆண்டுக்கு அவர் கைக்கு வருவது 20 லட்சம் டாலர்தான். மிச்ச 68 கோடியும் 2034 முதல் 2043 வரை, வட்டி இல்லாமல்.