டயாபரும் அரணாக்கொடியும்: கோவைக்குப் பறப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

கோயமுத்தூர் விமான நிலையத்தில் பெண்கள் சோதனைத் திரைக்குள்ளிருந்து நான் வெளியே வந்தபோது, அடுத்த வரிசையில் என் மாமனார் இரண்டு கையையும் விரித்து நின்றிருந்தார். காவலர் கையிலிருந்த மெட்டல் டிடெக்டர் அவர் இடுப்பருகே போனதும் கீ என்று கத்தியது. எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி கீ. மாமாவுக்கு 81 வயது. வேட்டிக்குள் டயாபர் போட்டிருந்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறு எட்டிப் பார்க்கிறார்கள்.

மாமா அசரவில்லை. சட்டையைக் கொஞ்சம் தூக்கி, "அரணாக்கொடிங்க சாமி" என்றார். வெள்ளி. இடுப்பில் ஏறி நாற்பது வருஷம் ஆகியிருக்கும். காவலர் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். இந்தப் பக்கம் வந்ததும், "ஏம்மிணி, நீ எதுக்கு இப்படி முழிச்சுட்டு நிக்கற?" என்று என்னைக் கேட்டார்.

நான்கு மாதமாக நான் பயந்த டயாபர் அந்தக் கருவிக்குத் தெரியவே இல்லை. தெரியவும் செய்யாது. அதில் இருப்பது பஞ்சு, பிளாஸ்டிக், ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாக்கும் பொடி. உலோகம் துளியும் இல்லை. மாமா போடுவது முழு டயாபர், நான் போடுவது மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த சிறுநீர்க் கசிவுக்கான பேட், நீண்ட பயணம் என்றால் பேன்ட் மாதிரி இழுத்துப் போடுவது. இரண்டு பேருமாக டல்லாஸிலிருந்து காங்கேயம் வரை போய் வந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். "இதனால்தான் ஊருக்கே போறதில்லை" என்று இரண்டு பேராவது என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்காக.

இந்தியாவில் சோதனை எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் சோதிப்பது மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை. கதவுச் சட்டம் மாதிரி நிற்கும் மெட்டல் டிடெக்டர் வழியாக நடக்க வேண்டும். பிறகு கைக்கருவியால் தடவுவார்கள், கையாலும் தொட்டுப் பார்ப்பார்கள். பெண்களுக்குத் திரை போட்ட தனி இடம், பெண் காவலர். கருவிக்கு டயாபர் தெரியாவிட்டாலும் கைக்குத் தடிமன் தெரியலாம். போன முறை என் இடுப்பில் அந்தப் பெண்ணின் கை ஒரு நொடி நின்றது. வடக்கத்திப் பெண், தமிழ் தெரியாது. "டயாபர், மெடிக்கல்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போர்டிங் பாஸைத் திருப்பித் தந்தார், அவ்வளவுதான். டயாபர் என்ற சொல்லுக்குத் தமிழில் நல்ல வார்த்தை இல்லையே என்று நான் வருத்தப்பட்டதுண்டு. அந்த இடத்தில் அதுவே வசதி. தமிழ், இந்தி, ஆங்கிலம் எல்லாவற்றிலும் டயாபர் டயாபர்தான்.

கை வைக்கும் முன்பே நீங்களாகச் சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் கண்டுபிடித்துக் கேட்கும்போதுதான் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நாமே சொன்னால் அது வெறும் தகவல்.

சத்தம் போடும் சமாச்சாரங்களை மட்டும் வீட்டிலேயே கவனியுங்கள். அரணாக்கொடி வெள்ளியில் இருந்தால் கழற்ற முடியுமா என்று கேளுங்கள். பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அப்படியானால் முதலிலேயே காட்டச் சொல்லுங்கள். டயாபர் மேலே நிற்க சில பேர் ஊக்கு குத்துவார்கள், அது வேண்டாம். பெல்ட் வேண்டாம். உள்ளே போடுவதற்கும் மேலே கத்துவதற்கும் ஒரே இடம் இடுப்பு என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து பக்கமிருந்து கிளம்புகிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே கையைத் தூக்கி நிற்கச் சொல்லும் உடல் ஸ்கேனர் இருக்கிறது. அது உலோகத்தை மட்டும் தேடுவதில்லை, உடம்பின் மேல் கூடுதலாக என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. டயாபர் அதில் பட்டுவிட வாய்ப்பு அதிகம், நனைந்து கனத்திருந்தால் இன்னும் அதிகம். பயப்பட வேண்டாம், திரையில் உங்கள் உடம்பு தெரியாது. எல்லாருக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவம் இருக்கும், சந்தேகமான இடத்தில் ஒரு மஞ்சள் கட்டம் விழும். அந்த இடத்தை மட்டும் உடைக்கு மேலாகத் தொட்டுப் பார்ப்பார்கள், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். தனி அறை கேட்கலாம், துணைக்கு வந்தவரையும் உள்ளே அழைத்துக்கொள்ளலாம். டயாபரைக் கழற்றிக் காட்டச் சொல்வது வழக்கமில்லை. அமெரிக்காவில் விமான நிலையச் சோதனையை நடத்தும் டிஎஸ்ஏவின் இணையதளத்தில் ஒரு சிறு அட்டை இருக்கிறது. உடல்நிலையை எழுதி அச்சடித்து நீட்டினால் வாய் திறந்து சொல்லவே வேண்டாம். சோதனையிலிருந்து விலக்கு கிடைக்காது, கூச்சத்திலிருந்து கிடைக்கும். டிஎஸ்ஏ கேர்ஸ் என்ற உதவி எண்ணை 72 மணி நேரத்துக்கு முன்பே அழைத்தால் கூட நின்று நடத்திவைக்க ஆள் ஏற்பாடு செய்யப் பார்ப்பார்கள். இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் சூரியகாந்திப் பூப் போட்ட பச்சைக் கழுத்துப்பட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் என்பதற்கு அது அடையாளம், 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ஆரம்பித்தது.

சோதனைக்குள் நுழைவதற்குக் கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். உலர்ந்த டயாபர் மெலிசு, ஸ்கேனரிலும் கையிலும் அவ்வளவாக உறுத்தாது. வரிசை நீண்டாலும் நீங்கள் நிம்மதியாக நிற்கலாம்.

இன்னொன்று, புண் வராமல் இருக்கத் தடவும் களிம்பு. சில நேரம் கையைத் துணியால் துடைத்து வெடிமருந்துத் தடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிளிசரின் கலந்த களிம்பு கையில் இருந்தால் அந்த இயந்திரம் ஏமாந்துபோய் மணியடிக்கலாம். தடவியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். சிறுநீர்ப் பை மாட்டியிருப்பவர்கள் பையைக் காலி செய்துவிட்டு வரிசைக்கு வாருங்கள், அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

கோவைக்கு நேராக வரும் வெளிநாட்டு விமானங்கள் குறைவு. சிங்கப்பூரும் ஷார்ஜாவும் பலருக்கும் பழகிய வழி. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பல முனையங்களில் பாதுகாப்புச் சோதனை உங்கள் விமான வாயிலிலேயே நடக்கும். சோதனை முடிந்து அந்தக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தபின் கழிப்பறை வேண்டுமென்றால் வெளியே வந்து திரும்பச் சோதனைக்கு நிற்க வேண்டியிருக்கும். வாயிலுக்கு வெளியிலேயே வேலையை முடித்துவிட்டு நுழையுங்கள்.

சென்னை, டெல்லி, மும்பை வழி வருகிறவர்களுக்கு வேறு தலைவலி. முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவு, சுங்கம், பெட்டி எடுத்து மறுபடி கொடுப்பது, அப்புறம் உள்நாட்டு விமானத்துக்கு இன்னொரு பாதுகாப்புச் சோதனை. மூன்று மணி நேரமாவது இடைவெளி உள்ள டிக்கெட்டாக எடுங்கள். ஒன்றரை மணி நேர இணைப்பில் மாமாவை அழைத்துக்கொண்டு ஓடியது ஒரு முறை, அந்தப் பாவத்தை நீங்கள் செய்ய வேண்டாம்.

சக்கர நாற்காலியைக் கூச்சப்படாமல் கேளுங்கள், டிக்கெட் எடுக்கும்போதே. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பு சொல்லியிருக்க வேண்டும். படியேறவும் இருக்கை வரை நடக்கவும் முடியும், தூரம்தான் நடக்க முடியாது என்றால் டிக்கெட்டில் சேர்க்கும் குறியீடு டபிள்யூசிஎச்ஆர். படியேற முடியாது என்றால் டபிள்யூசிஎச்எஸ். இருக்கை வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் டபிள்யூசிஎச்சி. தள்ளிக்கொண்டு போகிறவர் வரிசையைத் தாண்டிக் கூட்டிப்போவார் என்பது பெரிய லாபம். ஆனால் அவருக்கு அடுத்த பயணி காத்திருப்பார். "பாத்ரூம் போயிட்டுப் போலாங்க தம்பி" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், வாயிலில் விட்டுவிட்டு அவர் போனபிறகு சொல்லிப் பயனில்லை. வழியனுப்ப வந்த மகனோ மருமகனோ டிக்கெட் இல்லாமல் கோவை நிலையத்துக்குள் வர முடியாமல் போகலாம். தனியாகத் திரும்பிப் பறக்கும் பெரியவர் என்றால் வாசலிலேயே உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, விஷயத்தையும் காதோடு சொல்லிவிடுங்கள்.

கைப்பைக் கணக்குக்கு வருவோம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள், விமான நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று வைத்து, அதற்கு மேல் ஒரு நாளைக்கானதைக் கூடுதலாகச் சேருங்கள். எல்லாம் கைப்பையில். ஒரு முறை எங்கள் பெட்டி எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் காங்கேயம் வந்தது. டயாபர் முழுக்க அதற்குள். இரவு பத்து மணிக்கு என் கொழுந்தனார் பைக்கை எடுத்துக்கொண்டு மெடிக்கல் மெடிக்கலாகத் தேடினார். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றினால் எட்டு டயாபர் நாலு டயாபர் இடத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு மாற்றுக்கும் ஒரு சிறு பொட்டலம் கட்டி வையுங்கள்: ஒரு டயாபர், நாலு ஈரத் துடைப்பான், கறுப்புக் கவர் ஒன்று. விமானக் கழிப்பறையில் பெரிய பையைத் திறந்து தேட இடமில்லை.

அந்தக் கழிப்பறை நம் ஊர் மோட்டார் ரூமைவிடச் சின்னது. இழுத்துப் போடும் வகையானால் கீழாடையையும் செருப்பையும் முழுதாகக் கழற்ற வேண்டும், ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஒட்டும் வகை என்றால் நின்றபடியே மாற்றலாம், துணைக்கு ஆள் இருந்தால் இன்னும் சுலபம். கணுக்காலைக் கவ்வும் சுடிதார் வேண்டவே வேண்டாம். ஆண்களுக்கு நான் பார்த்ததில் வேட்டியை மிஞ்சிய உடை இல்லை, அதுவும் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வகை. பயன்படுத்தியதைச் சுருட்டிக் கவரில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். கழிப்பறைக் குழிக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும், மிச்சப் பயணத்துக்கு அந்தக் கதவு எல்லாருக்கும் பூட்டுதான். இறங்கும் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள், சீட் பெல்ட் விளக்கு எரிந்துவிட்டால் எழவிட மாட்டார்கள்.

தண்ணீரைக் குறைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை இன்னும் எரிச்சலாக்கும், அவசரம் கூடும், தொற்றும் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள், காப்பியையும் மதுவையும் குறையுங்கள். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயண நாளில் எந்த மணிக்குச் சாப்பிடுவது என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இனி ஊர். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் இறங்கியதும் வெளியே மாலையும் மச்சானுமாக நிற்பார்கள். பெட்டி வரும் இடத்திலேயே கழிப்பறையைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். காங்கேயத்துக்கோ ஈரோட்டுக்கோ இரண்டு மணி நேரம் வண்டி. வழியில் பெட்ரோல் பங்க் உண்டு, சுத்தம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இருக்கையில் விரிக்க ஒரு உறிஞ்சு விரிப்பு வைத்துக்கொண்டால் வாடகைக் காரில் உட்காரத் தயக்கம் இருக்காது.

விமான நிலையத்தைவிடக் கஷ்டம் எது தெரியுமா, நம் ஊர்க் காப்பி. ஒரு சாயங்காலத்தில் அஞ்சு வீடு போனால் அஞ்சு டம்ளர். வேண்டாம் என்றால் "ஏனுங், எங்கூட்டுக் காப்பி ஆகாதுங்களா?" என்பார்கள். நான் இப்போது, "சக்கரைங்க, மோர் போதும்" என்று சொல்லி அரை டம்ளரோடு தப்பிக்கிறேன். குலதெய்வக் கோயிலில் கெடா விருந்து என்றால் சுற்றிலும் காடு, கழிப்பறை இருக்காது. காரை நிழலில் பக்கமாக நிறுத்தச் சொல்லி, உள்ளே மாற்றிக்கொள்ள ஒரு பெரிய துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனி வெயிலில் விமானத்துக்கு வாங்கிய தடிமன் வகையைப் பகலில் போடாதீர்கள், வேர்த்துத் தோல் வெந்துவிடும்.

வாங்குவது எளிது. ஃப்ரெண்ட்ஸ், லிஃப்ரீ போன்றவை சிறு நகரத்து மெடிக்கலிலும் கிடைக்கின்றன. நம் எல் சைஸும் அங்கத்திய எல் சைஸும் ஒன்றல்ல, பாக்கெட்டில் உள்ள இடுப்பளவைப் பாருங்கள். எறிவதுதான் சிக்கல். நகரத்தில் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் குப்பை வண்டியில் கொடுக்க வேண்டும், திடக்கழிவு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வண்டி வராது. குப்பைக்குழியில் போட்டால் நாய் இழுத்துக் களத்துமேட்டில் பரப்பிவிடும், மாட்டுத்தொழுவப் பக்கம் போனால் இன்னும் மோசம். நாங்கள் மூடி போட்ட பழைய பெயின்ட் வாளியில் சேர்த்து, இரண்டு நாளைக்கு ஒரு முறை டவுனுக்குப் போகும்போது கொடுத்துவிட்டு வருவோம்.

திரும்பும்போது மிச்சமிருக்கும் பாக்கெட்டைச் சுமந்து வராதீர்கள். போன முறை பெரியப்பா வீட்டில் ஒன்றரைப் பாக்கெட்டை வைத்துவிட்டு வந்தேன். யாருக்கு என்று சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அடுத்த மாதம் பெரியம்மா போனில் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கண்ணு, அந்த நீலப் பாக்கெட்டு இங்க எந்தக் கடையில கிடைக்கும்?" என்றார்.