குடும்ப விவரக் கட்டத்தில் 'அநாதை' என்று எழுதாதீர்கள்

போன மாதம் கம்போடியாவின் சியம் ரீப்பில், ஒரு காப்பகத் தாழ்வாரத்தில் மருத்துவ முகாம். பக்கத்து மேசையில் படிப்பு முடித்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு டாக்டர் தம்பி. முதல் பிள்ளையின் அட்டையில் பெயர், வயது, எடை எல்லாம் ஒழுங்காக எழுதினார். 'குடும்ப விவரம்' என்ற கட்டம் வந்ததும் மொழிபெயர்ப்பாளரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'அநாதை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. 2013இல் அதே ஊரில் நாற்பது அட்டைகளில் அதே சொல்லை எழுதியவன் நான்.

இப்படிக் காப்பக முகாமுக்குக் கிளம்புகிற டாக்டர்களுக்காக இதை எழுதுகிறேன். கையைக் கழுவு, எடை பார்த்து மருந்து கொடு, உள்ளூர் அனுமதி வாங்கு என்பதையெல்லாம் உங்கள் குழுத் தலைவரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுகிறவை மட்டும் இங்கே.

அந்த ஒரு சொல்

கம்போடியக் காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். இது 2011இல் யூனிசெஃபும் அந்நாட்டுச் சமூக நல அமைச்சகமும் சேர்ந்து சொன்ன கணக்கு. 2005க்கும் 2010க்கும் இடையில் மட்டும் காப்பகங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த ஐந்து வருஷத்தில் அங்கே போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. கூடியது அங்கோர் வாட் பார்க்க வந்த கூட்டம்தான். நல்ல பள்ளிக்கூடம், மூன்று வேளைச் சோறு, இங்கிலீஷ் என்று சொன்னால் எந்த ஏழைத் தாய்தான் பிள்ளையை அனுப்பமாட்டாள்? அனுப்பிய பிள்ளையைப் பார்க்க நன்கொடையாளர்கள் வருகிறார்கள், மருந்துப் பெட்டியோடு நாமும் போகிறோம்.

கம்போடியர்கள் பேசும் கெமர் மொழியில் 'கொம்ப்ரியா' என்றொரு சொல் உண்டு. தகப்பனை மட்டும் இழந்த பிள்ளையையும் அப்படிச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்கி, நாம் அதைத் தமிழ்க் காதால் கேட்கும்போது, ஊரில் நாற்று நட்டுக்கொண்டிருக்கும் தாயும் சேர்ந்து செத்துப்போகிறாள்.

என் கதைக்கு வருகிறேன். 2013இல் ஏழு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கழுத்தின் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். தொட்டால் வலி இல்லை, சூடும் இல்லை. வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு சொத்தைப் பல். சரி, பல்லால் நெறி கட்டியிருக்கிறது என்று ஏழு நாளைக்கு அமாக்சிசிலின் கொடுத்து அனுப்பினேன். இப்படி வலியில்லாத நெறியைக் கண்டால் 'வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா' என்று கேட்கவேண்டும் என்பது மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வீடே இல்லாத பிள்ளையிடம் வீட்டைப் பற்றி எப்படிக் கேட்பது? கட்டத்தில் 'அநாதை' என்று நானே எழுதியிருந்தேனே.

அடுத்த வருஷம் போனபோது அந்தக் கட்டி உடைந்து, சீழ் கசிந்து, கவுன் கழுத்துப்பட்டியோடு ஒட்டிப்போயிருந்தது. இடையில் வேறொரு நாட்டுக் குழு வந்து இன்னொரு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தது. என் அட்டையில் என் கையெழுத்துக்குக் கீழேயே அவர்கள் எழுதியிருந்தார்கள். குடும்ப விவரத்தை அவர்களும் கேட்கவில்லை. அதுதான் ஏற்கெனவே நிரம்பியிருந்ததே.

அந்த முறை மொழிபெயர்க்க வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா. நான் துணியை உப்புநீரில் நனைத்துப் பிரித்துக்கொண்டிருக்க, பிள்ளையின் கவனத்தைத் திருப்ப அவர் ஏதோ பேச்சுக் கொடுத்தார். புத்தாண்டுக்கு எங்கே போனாய் என்று கேட்டிருக்கிறார். ஊருக்கு, அம்மா வீட்டுக்கு. அம்மா என்ன செய்கிறாள்? மாத்திரை சாப்பிடுகிறாள். அப்புறம் குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. டீச்சரம்மா தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார்: "மாத்திரை போட்டால் அம்மாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம்."

ரிஃபாம்பிசின். டிபி மருந்து. பிள்ளையின் கழுத்துக் கட்டியும் அதே டிபிதான்.

அம்மாவுக்கு மருந்து கொடுத்த கிராமத்து சுகாதார நிலையத்தில் வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று கேட்டிருப்பார்கள். பிள்ளை வீட்டில் இல்லை. காப்பகத்திலோ, எங்கள் அட்டைப்படி, தாய் இல்லை. இரண்டு கணக்கிலும் விழாமல் அந்தக் கட்டி ஒரு வருஷம் வளர்ந்தது. இதில் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது ஒன்று உண்டு. சியம் ரீப்பில் பிள்ளைகளுக்கென்றே இரண்டு நல்ல மருத்துவமனைகள் 1999 முதல் இருக்கின்றன. ஒன்று அங்கோர் குழந்தைகள் மருத்துவமனை. இன்னொன்று செல்லோ வாசித்து நிதி திரட்டிய சுவிஸ் டாக்டர் பியாட் ரிக்னர் கட்டியது; அங்கே சிகிச்சைக்குக் காசே கிடையாது. நாங்கள் முகாம் போட்ட இடத்திலிருந்து டுக்டுக் ஆட்டோவில் இருபது நிமிஷம். எட்டுப் பேர் விமானம் ஏறிப் போய் அவளை அந்த இருபது நிமிஷத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தோம். பிறகு ஆறு மாத மருந்தில் சரியானாள். தழும்பு இருக்கிறது.

ஆகவே கேளுங்கள். ஆனால் 'அம்மா இருக்கிறாளா' என்று நேராகக் கேட்காதீர்கள். நிர்வாகி பக்கத்தில் நின்றால், சொல்லிக்கொடுத்த பதில்தான் வரும். ஏப்ரல் புத்தாண்டுக்கு எங்கே போனாய், பச்சும் பென் பண்டிகைக்கு யார் வந்து கூட்டிப்போனார்கள், தம்பி தங்கை எத்தனை பேர், இவைதான் உதவும். பிள்ளையைச் சேர்த்தபோது கையெழுத்துப் போட்டது யார் என்ற தாளை நிர்வாகியிடம் கேளுங்கள். சிகிச்சைக்குச் சம்மதம் தரவேண்டியவர் அந்தத் தாளில் இருக்கிறார். அவரிடம் போனில் பேசிய பிறகே ஊசியைத் தொடுங்கள். தாளே இல்லை என்றால் பெட்டியை மூடுங்கள். இதைவிட நல்லது, காப்பகத்துக்குள் முகாம் போடாமல் அந்தப் பகுதி சுகாதார நிலையத்தில் போடுவது. காப்பகப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கட்டும்.

டுக்டுக் ஓட்டுநர் சுற்றிப்பார்க்கக் கூட்டிப்போகிற காப்பகம்

போகாதீர்கள்.

ரத்தசோகை என்றதும் இரும்பு மாத்திரை

விரலில் குத்திப் பார்த்தால் பாதிப் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் பத்து, பத்தரை என்று காட்டும். உடனே மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதத் தோன்றும். கம்போடியாவில் ஹீமோகுளோபின் ஈ, ஆல்ஃபா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறுகள் இரண்டும் மிகச் சாதாரணம். பிறவியிலேயே அப்படி இருக்கிற பிள்ளைக்கு இரும்பைக் கொட்டினால் மலச்சிக்கல்தான் மிச்சம். நானும் கொட்டியிருக்கிறேன். உள்ளூர் டாக்டர் ஒருவர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அது இன்னும் மோசம்.

பூச்சி மாத்திரை

பள்ளிக்கூடத்தில் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பதில் உலக சுகாதார நிறுவனத்தின் 75 சதவீத இலக்கை முதலில் எட்டிய நாடு அது, 2004இல். நாம் போய்த்தான் ஆரம்பிக்கவேண்டும் என்பதில்லை.

சாயங்கால நடனம்

முகாம் முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கிரீடம் வைத்து, உதட்டுச்சாயம் பூசி, உங்களுக்காக அப்சரா நடனம் ஆடவைப்பார்கள். 'வேண்டாம், அவர்கள் வீட்டுப்பாடம் எழுதட்டும்' என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் சொன்னால் அலங்காரம் முடிந்திருக்கும்; பிள்ளைகள் முகம் வாடிப்போகும்.

'அடுத்த வருஷம் வருவேன்'

சொல்லாதீர்கள். டிக்கெட் எடுத்திருந்தாலும்.

படம்

பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். முதுகுப்பக்கம்கூட வேண்டாம்.

மீந்த மருந்து

விட்டுவிட்டு வராதீர்கள். 2014இல் அந்தக் காப்பக அலமாரியில் நாலு நாட்டு எழுத்துகளில் இருமல் மருந்துப் பாட்டில்கள் இருந்தன, மூன்று காலாவதியானவை. எடை பார்க்கும் தராசை வேண்டுமானால் விட்டுவிட்டு வாருங்கள். பேட்டரியோடு.