சில்லுப் பேரிங்குக்குக் கிறீஸ் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில் பழக வரும் பிள்ளைகள், அந்த வயதில் நாங்கள் செய்து ஏச்சு வாங்கிய அதே பிழைகளை இன்றும் செய்கிறார்கள். மண் பட்ட கையால் பேரிங்கைத் தொடக்கூடாது, ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகக்கூடாது என்பவற்றை யாரும் சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நட்டைப் பலம்கொண்டு முறுக்குவது

இதைக் கண்டால் எனக்கு இன்னும் பொறுமை போய்விடுகிறது. கூம்பு உருளைப் பேரிங் உள்ள முன்சில்லில், சில்லைத் தாங்கும் குட்டை அச்சான ஸ்ரப் அக்சிலின் நுனியில் இருக்கும் நட் சில்லை இறுக்கிப் பிடிப்பதற்கு அல்ல; உருளைகளுக்கும் அவை ஓடும் இரும்பு வளையமான ரேசுக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்வதற்கு. மற்ற எல்லா நட்டையும் இறுக்கச் சொல்லிப் பழக்கிவிட்டு, இந்த ஒன்றில் மட்டும் கையை அடக்கு என்று சொல்ல மறந்துவிடுகிறோம். பையன் ஸ்பனரில் நீளக் குழாயைச் செருகி முழுப் பலத்தையும் போடுகிறான்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரை ஏற்றிவரக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் வானுக்கு அதற்கு முன்தினம்தான் வேறொரு கராஜில் கிறீஸ் மாற்றியிருந்தார்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கி வந்த சாரதி, இடப்பக்க முன்சில்லின் நடுவில் கை வைத்திருக்கிறார். தொட முடியாத சூடு. புதுக் கிறீஸ் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொல்ல, ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். வவுனியா தாண்டியதும் சில்லு பூட்டிக்கொண்டது. லொறியில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்த வானைக் கழற்றினேன். உருளைகள் நீலம் பாய்ந்திருந்தன. உள்ரேஸ் ஸ்ரப் அக்சிலின் மேல் சுழன்று அதையே அரைத்துவிட்டிருந்தது. பேரிங்கோடு போகவேண்டிய செலவு, சில்லின் நடுக்குடமான ஹப்பும் அக்சிலும் என்று பெருத்தது. சில்லு கழன்று யாருக்கும் உயிர்ச்சேதம் நேராததுதான் ஆறுதல்.

தளர்ந்த பேரிங் ஆடியும் இரைந்தும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இறுகிய பேரிங் கராஜை விட்டுப் போகும்வரை மிக நல்லதாகத் தெரியும். ஓடும்போது சூட்டில் இரும்பு விரிகிறது. விரிய இடமில்லாவிட்டால் கிறீஸ் உருகி ஓடுகிறது. பிறகு இரும்பும் இரும்பும்தான் உரசும்.

செய்யவேண்டியது இதுதான். சில்லைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டை மிதமாக இறுக்குங்கள். உருளைகள் தங்கள் இடத்தில் அமரும். பிறகு முழுவதும் தளர்த்தி, விரலால் மட்டும் மீண்டும் திருகுங்கள். நட் கழராமல் பூட்டும் ஸ்பிளிற் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால், நட்டைப் பின்னுக்குத் திருப்பித்தான் நேராக்கவேண்டும், ஒருபோதும் முன்னுக்கு அல்ல. பல வாகனங்களுக்கு 0.03 முதல் 0.13 மில்லிமீற்றர் வரை ஆட்டம் இருக்கவேண்டும்; ஒரு தலைமயிரின் தடிப்பு. சில ஜப்பான் வாகனங்களுக்கு ஸ்பிரிங் தராசைக் கொழுவி இழுத்துப் பார்க்கும் மெல்லிய இறுக்கம் உண்டு. வாகனத்தின் கைநூலைப் பாருங்கள்.

மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் மேற்சொன்னதைச் செய்யவேண்டாம். அதன் முன்சில்லில் இருப்பவை குண்டுப் பேரிங்குகள். நடுவில் உள்ள இடைக்குழல்தான் அளவைத் தீர்மானிக்கிறது. நட் குறித்த அளவுக்கு இறுகத்தான் வேண்டும்.

பழைய ஸ்பிளிற் பின்

புதியது போடுங்கள்.

பழைய கிறீஸின் மேல் புதியது

கழுவாமல் பூசுவது வேலையே அல்ல. லிதியம் கிறீஸும் களிமண் சேர்ந்த கிறீஸும் ஒன்றோடொன்று கலந்தால் இளகி வடிந்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உள்ளங்கையில் கிறீஸை வைத்துப் பேரிங்கின் அகன்ற பக்கத்தால் மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அழுத்துங்கள். அதற்காக ஹப்பின் குழியையும் நிரப்பிவிடாதீர்கள். மிஞ்சியது சூடேறி, கிறீஸ் வெளியேறாமல் தடுக்கும் வளையமான சீலைத் தள்ளிக்கொண்டு பிறேக்கில் இறங்கும்.

காற்றடித்துச் சுழற்றிப் பார்ப்பது

உருளை தெறித்தால் கண் போகும். வேண்டாம்.

உள்ரேஸை மட்டும் மாற்றுவது

வெளிரேஸைத் தட்டி எடுக்கப் பஞ்சிப்பட்டு, பழையதிலேயே புது உருளைகளை ஓடவிடுகிறார்கள். பழைய தழும்புகள் புதியதைச் சீக்கிரமே தின்றுவிடும். இரண்டும் சோடியாகத்தான் மாறவேண்டும்.

உப்புநீரில் இறங்கிய பின் காத்திருப்பது

காரைநகர்க் கடற்கரை மணலில் ஓட்டிக் கடல்நீரில் சில்லு நனைந்தாலும், மாரி வெள்ளத்தில் ஹப் மூழ்கினாலும், அடுத்த சேர்விஸ் வரை பொறுக்காதீர்கள். சூடான ஹப் குளிர்ந்த நீரில் இறங்கும்போது சீல் வழியாக நீரை உறிஞ்சும். கழற்றினால் கிறீஸ் பாலாக வெளுத்திருக்கும். உப்பு என்றால் உருளைகளில் துருப்புள்ளிகள் தொடங்கியிருக்கும். நம் ஊர் உப்புக்கு அதிக நாள் தேவையில்லை.

மூடிய ஹப்பைக் கிண்டுவது

இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் பேரிங் அடைத்து வருகிறது. கிறீஸ் போட வழி கிடையாது. இரைந்தால் முழுதாக மாற்றி, நட்டை நிறுவனம் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பனரால் இறுக்குங்கள்.