ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு வெளியே செல்லும்போது: ஊர்ப்பேச்சை எதிர்கொள்வது எப்படி?

முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளம் முழங்கியதும் ஆட்டிசம் உள்ள பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினால், மண்டபத்தில் இருப்பவர்கள் முதலில் பிள்ளையைப் பார்ப்பார்கள். அடுத்த நொடியே தாயைப் பார்ப்பார்கள். "வளர்ப்பு சரியில்லை" என்ற தீர்ப்பு அந்த இரண்டாவது பார்வையில் இருக்கிறது. இது பழைய பழி. தாயின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950களில் மேலைநாட்டு மனநல மருத்துவர்கள் சிலரே எழுதினார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அதை மறுத்து, காரணம் உடற்கூறு சார்ந்தது என்று வாதிட்டார். பின்வந்த ஆய்வுகளும் தாயின் மீதான பழியைத் துடைத்தன.

கிளம்பும் முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். தாலி கட்டி முடிந்த பிறகு மண்டபத்துக்குச் செல்லுங்கள், அல்லது ஒலிபெருக்கியிலிருந்து விலகி வாசலை ஒட்டிய இருக்கையில் அமருங்கள். காதை மூடும் ஹெட்போன், பழகிய தின்பண்டம், பிள்ளை வழக்கமாகக் கையில் வைத்திருக்கும் பொருள் ஆகியவை பையில் இருக்கட்டும். பிள்ளை கலங்கினால் யார் வெளியே அழைத்துச் செல்வது, யார் உறவினர்களிடம் பேசுவது என்பதைக் கணவனும் மனைவியும் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அலறல் தொடங்கிவிட்டால் கூட்டத்தை மறந்துவிடுங்கள். அடம் பிடிக்கும் பிள்ளை பெரும்பாலும் நம் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அழும், கேட்டது கிடைத்ததும் ஓயும்; சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் நிலைகுலைந்த பிள்ளையோ எதைக் கொடுத்தாலும் உடனே ஓயாது. அதற்குத் தேவை அமைதியான இடமும், அடிபடாத பாதுகாப்பும், குறைந்த பேச்சும்தான். "ரெண்டு வைத்தால் அடங்கும்" என்று யாராவது சொல்வார்கள். பார்ப்பவர்களின் திருப்திக்காகப் பிள்ளையின் மீது ஒருபோதும் கை வைக்காதீர்கள். அந்த அடி அதன் பயத்தை இன்னும் கூட்டும்.

முன்பின் தெரியாதவர்களுக்கு ஒரு வாக்கியம் போதும். பேருந்தில் நடத்துநர் முகம் சுளித்தால், "அண்ணே, பையனுக்கு ஆட்டிசம், விசில் சத்தம் தாங்காது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவான்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பிவிடுங்கள். விளக்கம் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலும் இருக்கலாம்.

உறவினர்கள்தான் கடினம், அவர்கள் அடுத்த விசேஷத்துக்கும் வருவார்கள். சபையில் வாதாடாமல், ஓய்வான ஒரு நாளில் பெரியவர் ஒருவரிடம், "அத்தை, இவள் வேண்டுமென்று செய்வதில்லை, நாலு பேர் எதிரில் நீங்கள் எங்கள் பக்கம் பேசினால் பெரிய உதவி" என்று கேளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தவர், செய்ய ஒரு வேலை கிடைத்ததும் துணையாக மாறுவதுண்டு.

பேச்சு வரம்பு மீறினால் சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது; மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால், 92ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலைப் பையில் வைத்திருங்கள். பயணச் சலுகை கேட்கும்போதும் அது பயன்படும்.

ஒருமுறை மனம் நொந்து திரும்பினால், அடுத்த பயணம் சிறியதாக இருக்கட்டும்: கூட்டமில்லாத பிற்பகலில், பிள்ளைக்குப் பழகிய கடைக்கு, ஒரே ஒரு பொருள் வாங்க.