பூஞ்சை நோயிலிருந்து மீள்பவரின் தட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் முடிந்த கையோடு என் தாயாருக்குத் தொடங்கிய இருமல் மூன்று மாதங்கள் நீடித்தது. இளைப்புக்கென்று மாற்றி மாற்றி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒருநாள் காலையில் இருமும்போது ரப்பர் துண்டு போலக் கெட்டியான பழுப்புநிறச் சளிக்கட்டி ஒன்று வெளிவந்த பிறகுதான், அது வெறும் ஆஸ்துமா இல்லை, அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சையின் வித்துகளுக்கு நுரையீரல் காட்டும் கடுமையான ஒவ்வாமை என்பது தெரிந்தது. மருத்துவர்கள் சுருக்கமாக ஏபிபிஏ என்று குறிப்பிடும் நோய் அது. செய்தி பரவியதும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். புளித்த மாவு ஆகாது, தயிர் ஆகாது, பால் கபம், சர்க்கரை பூஞ்சைக்குத் தீனி என்று ஒவ்வொன்றாக விலக்கியதில் அவருடைய தட்டில் கடைசியாக எஞ்சியது மிளகு ரசமும் குழைந்த சோறும் மட்டும்தான். ஆறு வாரங்களில் ரவிக்கை தொளதொளத்துப் போகும் அளவுக்கு இளைத்துவிட்டார். நோய் பறித்த எடையைவிடப் பத்தியம் பறித்த எடை அதிகமாக இருந்திருக்கும் என்றே இன்றும் நம்புகிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பூஞ்சையால் வரும் நோய் என்று பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று வகைகள் இருக்கின்றன. காற்றில் மிதக்கும் வித்துகளை மூச்சில் இழுப்பதால் வரும் ஒவ்வாமை முதல் வகை; ஏபிபிஏ இதில் சேரும். பூஞ்சை உடலின் திசுக்களுக்குள் புகுந்து வளரும் தொற்று இரண்டாவது வகை; 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்ற பெயரில் இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டோரைப் பீடித்த மியூகோர்மைகோசிஸ் இதற்கு எடுத்துக்காட்டு. பூசணம் பிடித்த உணவில் ஊறிய நஞ்சைத் தின்பதால் வரும் பாதிப்பு மூன்றாவது வகை. ஒருவருக்கு உதவும் உணவு மாற்றம் இன்னொருவருக்குக் கெடுதலாக முடியும் என்பதால், எந்த வகை என்று தெரியாமல் பத்தியம் தொடங்குவதே எல்லாத் தவறுகளுக்கும் தாய்த்தவறு என்று சொல்வேன். மூன்றில் எதிலும் உணவு பூஞ்சையைக் கொல்வதில்லை. மருந்து சரியாக வேலை செய்வதற்கும், உடல் இழந்ததைத் திரும்பப் பெறுவதற்கும், புதிதாக நஞ்சு உள்ளே போகாமல் தடுப்பதற்கும் மட்டுமே உணவால் முடியும்.

இட்லி மாவில் தொடங்குகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் முதலில் பலியாவது அதுதான். மாவு பொங்குவதற்குப் பூஞ்சணம் காரணமில்லை. உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வரும் லியுகோனோஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான் அதைப் புளிக்க வைக்கின்றன. தயிரும் அதே குடும்பத்து பாக்டீரியாக்களின் வேலை. ஏபிபிஏ நோயாளியின் நுரையீரலைத் தூண்டுவது மூச்சில் போகும் வித்துகளே தவிர, வேகவைத்த இட்லி இல்லை. இட்லி மென்று விழுங்க எளிது, உளுந்தின் புரதமும் அதில் சேர்ந்து வருகிறது. பசியற்ற நோயாளிக்கு இதைக் காட்டிலும் தோதான பலகாரம் நம் சமையலில் குறைவு. பல நாள் வைத்த மாவின் மேல் பச்சையாகவோ கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ திட்டுகள் தோன்றினால் மட்டும், மேலாக வழித்துவிட்டு அடிமாவை எடுக்காமல், முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

வழித்துவிட்டுத் தின்பது உண்மையிலேயே பெரிய தவறு, ஆனால் பத்தியம் சொல்பவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. ரொட்டித் துண்டின் ஓரத்தில் ஒரு ரூபாய் அளவுக்குப் பச்சைப் பொட்டு தெரியும்போது, அதன் கண்ணுக்குத் தெரியாத இழைகள் ரொட்டியின் மென்மையான துளைகள் வழியாக அதற்கும் அப்பால் ஓடியிருக்கும். கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டியான காய்களில் திட்டைச் சுற்றி ஓர் அங்குலம் தள்ளி வெட்டியெடுத்து மீதியைப் பயன்படுத்தலாம் என்பது நலமாக உள்ளவர்களுக்குச் சொல்லப்படுவது. நோயிலிருந்து மீள்பவருக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம். இன்னொன்று, கெட்டுவிட்டதா என்று அறிய மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. அந்த ஒரு மூச்சில் போகும் வித்துகள் போதும், ஒவ்வாமை உள்ளவருக்கு அன்றிரவு இளைப்பு வருவதற்கு. பழைய பருப்பு டப்பாவைத் தட்டிக் கொட்டுவது, மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்த தானியத்தைப் புடைப்பது, மிளகாயும் மிளகும் அரைக்க மாவு மில்லில் காத்து நிற்பது ஆகிய வேலைகளையும் வேறொருவர் செய்யட்டும்.

நிலக்கடலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டப்பாவின் அடியில் தங்கும் சுருங்கிய, நிறம் மங்கிய ஒரு பருப்பை எடுத்து விரல்களால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவிலுள்ள சிறு குழிவில் சாம்பல் கலந்த பச்சைத்தூள் படிந்திருப்பது சில சமயம் தெரியும். அஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அப்படித்தான் வளரும். அது சுரக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்குத் தீவனம் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்து விழுந்தபோதுதான் இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. 1974-இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா மாவட்டத்திலும் அதை அடுத்த குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும், காலந்தவறிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற பழங்குடி மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். அந்த வீடுகளின் நாய்களும் மாண்டன. அந்தச் சோளத்தை விட்டால் வேறு உணவு இல்லாதவர்கள் அவர்கள். நமக்கோ கொட்டிவிட்டு வேறு வாங்கும் வசதி பெரும்பாலும் இருக்கிறது. இருந்தும் வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும், வறுத்தால் போய்விடும் என்று வைத்துக்கொள்கிறோம். வெயில் ஈரத்தை எடுத்துப் பூஞ்சை மேலும் வளராமல் தடுக்கும், ஆனால் ஏற்கெனவே ஊறிய நஞ்சை முழுவதும் எடுக்காது. சமையலறைச் சூடு அஃப்ளாடாக்சினை அழிக்கப் போதாது. கொதிப்பதிலும் வேகவைப்பதிலும் அது பெரும்பாலும் தங்கிவிடும். சொத்தை, சுருக்கம், நிறமாற்றம் கண்ட பருப்புகளைப் பொறுக்கி எறிவதே வீட்டளவில் பலன் தரும் வழி. கொப்பரை, வற்றல் மிளகாய், மக்காச்சோளம் ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையிலும் ஒரு திருத்தம் வேண்டும். சுத்திகரிப்பில் இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கெண்ணெயிலோ கடலை கெட்டதாக இருந்தால் நஞ்சும் இறங்கும். ஆகவே கடலையைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கி ஆட்டுபவரிடம் வாங்குங்கள். கெட்டதை மாட்டுக்குப் போடுவதும் கூடாது, ஏனென்றால் பசு தின்ற அஃப்ளாடாக்சின் உருமாறிப் பாலில் வருகிறது.

அடுத்தது மருந்தும் சாப்பாடும் சேரும் இடம். என் தாயார் விஷயத்தில் நாங்கள் அதிகம் தவறிய இடம் இதுதான். இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியின் வழக்கமான கேப்சூல் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும். அதனால் அதை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். நாங்கள் காலையில் வெறும் வயிற்றில், அதுவும் வயிற்றெரிச்சலுக்கான பான்டோபிரசோலோடு சேர்த்துக் கொடுத்துவந்தோம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, அமிலத்தை நம்பியிருக்கும் மாத்திரையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் விழுங்கிய விலையுயர்ந்த மருந்தில் எவ்வளவு உடலில் சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. இதே இட்ராகோனசோல் திரவ வடிவில் வந்தால் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கு உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். எந்த வடிவம், எந்த வேளை என்பதை மருந்துச்சீட்டிலேயே எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். பம்பளிமாஸும் அதன் இனமான கிரேப்ஃப்ரூட்டும் மருந்துகளைக் கையாளும் நொதிகளைத் தடுப்பவை என்பதால் சிகிச்சைக் காலத்தில் அவற்றை விலக்குவது நல்லது. இந்த மருந்துகள் கல்லீரலுக்குச் சுமையாகக்கூடியவை. மதுவை அறவே நிறுத்த வேண்டும். சமையலில் போடும் மஞ்சளால் தொல்லையில்லை. ஆனால் மஞ்சளின் சத்தைச் செறிவாக்கி விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன, எனவே அவற்றையும் நாட்டு மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்கக் கூடாது.

ஏபிபிஏ-வுக்கு மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கப்படும்போது, எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரைகிறது, தசை இளைக்கிறது, இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. அந்த நேரத்தில் கபம் என்று சொல்லிப் பாலையும் தயிரையும் நிறுத்துவது எலும்புக்குச் செய்யும் இரண்டாவது கெடுதல். பால் செரிக்காதவருக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் கொண்ட தானியம் அது. முள்ளோடு தின்னும் நெத்திலியும் உதவும், கருவாடாக வேண்டாம். ஸ்டீராய்டு உடலில் உப்பையும் நீரையும் தேக்கும் என்பதால் கருவாடு, அப்பளம், ஊறுகாய், வடகம் ஆகியவற்றை அளந்து வைக்க வேண்டும். வாய்க்கு ருசியில்லை என்று ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே கஞ்சி குடிக்கும் நோயாளிகளின் முகமும் காலும் வீங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கருப்புப் பூஞ்சையிலிருந்து மீள்பவருக்குக் கணக்கே வேறு. அங்கே சர்க்கரைக் கட்டுப்பாடு உயிர்நாடி. ஆனால் பூஞ்சையைப் பட்டினி போடுகிறேன் என்று மாவுச்சத்தை முழுவதும் நிறுத்தும் கீட்டோ உணவுமுறையில் இறங்குவது பேராபத்தாக முடியலாம். இன்சுலின் போதாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது இரத்தம் அமிலத்தன்மை அடையக்கூடும். அப்படி அமிலம் ஏறிய இரத்தத்தில், புரதத்தோடு பிணைந்திருக்கும் இரும்பு விடுபட்டு இந்தப் பூஞ்சைக்கு உரமாகிறது. பட்டினி போட நினைத்தவர் விருந்து வைத்தவராகிவிடுவார். வேளைக்கு அளவான சோறோ சப்பாத்தியோ, அதோடு பருப்பு, முட்டை, காய் என்று பகிர்ந்து உண்பதும், இன்சுலினைத் தவறவிடாமல் இருப்பதும்தான் பாதுகாப்பு. இதே காரணத்தால், களைப்பாக இருக்கிறது என்று இரும்புச்சத்து டானிக்கைத் தாமாக வாங்கிக் குடிப்பதும் இந்த நோயாளிகளுக்கு ஆகாது.

கருப்புப் பூஞ்சைக்கான ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து ஏறும் நாட்களில் சிறுநீர் வழியாகப் பொட்டாசியமும் மெக்னீசியமும் வெளியேறும். அப்போது இளநீரும் வாழைப்பழமும் குளிர்ச்சி என்று தடுப்பது ஒரு தவறு. அதே மருந்து சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது என்பதை அறியாமல் நாளுக்கு நான்கு இளநீர் கொடுப்பது அதனினும் பெரிய தவறு, ஏனெனில் பொட்டாசியம் மிஞ்சினால் இதயத்துடிப்பு தடுமாறும். இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள அளவைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் இளநீரைச் சீவ வேண்டும்.

கருப்புப் பூஞ்சைக்கான அறுவையில் மேல்தாடை எலும்பு எடுக்கப்பட்டவர்களுக்கு வெறும் அரிசிக் கஞ்சியே கதி என்று விட்டுவிடுகிறார்கள். கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் நீரும் மாவும்தான், அது சர்க்கரையை ஏற்றும், புண்ணை ஆற்றாது. பாசிப்பருப்பை மசித்து நெய்விட்டது, பாலில் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ், நன்றாக வேகவைத்து மசித்த முட்டை, எலும்பில்லாத மீனை உதிர்த்துக் குழம்பில் குழைத்தது என்று புரதத்தை மென்மையாக்கித் தர எத்தனையோ வழிகள் இருக்கின்றன. ஒரு வேளைக்கு நான்கு கரண்டிதான் இறங்குகிறது என்றால் நாளைக்கு ஆறு வேளையாகக் கொடுக்கலாம்.

நஞ்சு நீக்கும் கரித்தூள், ஒரு வாரச் சாறு விரதம் என்று விற்கப்படுபவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கரித்தூள் குடலில் நஞ்சை மட்டும் தேடிப் பிடிப்பதில்லை, விழுங்கிய மருந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியேறும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் என் தாயாரின் இருமல் முழுவதும் அடங்கவில்லை. பீரோவை நகர்த்திப் பார்த்தபோது, பின்சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுத்த படலம் பூத்திருந்தது. மாடிக் குழாய்க் கசிவு அந்தச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கசிவை அடைத்துச் சுவரைக் கொத்திப் பூசி, அவர் படுக்கையை வேறு அறைக்கு மாற்றிய பிறகுதான் மருந்தும் உணவும் உடம்பில் பிடிக்கத் தொடங்கின. உணவுப் பட்டியல் எழுதுவதற்கு முன்பே நாங்கள் அந்தப் பீரோவை நகர்த்தியிருக்க வேண்டும்.

சாப்பிடும் வேளையில் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. சர்க்கரை நோயாளியோ ஸ்டீராய்டு எடுப்பவரோ மெல்லும்போது ஒருபக்க மேல்பற்கள் ஆடுகின்றன, கன்னம் மரத்துப்போகிறது, மேலண்ணத்தில் கறுப்பாக ஏதோ தட்டுப்படுகிறது என்று சொன்னால், அல்லது கண்ணைச் சுற்றி வலியும் வீக்கமும் இருந்தால், அது பல் மருத்துவருக்காகக் காத்திருக்கும் வலி இல்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு, அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.