ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு கணினித் துறைக்குள் நுழைவது: ஒரு கொப்பியிலிருந்து தொடங்கும் செய்முறை

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரர்கள் அந்த 25 நாளும் கேட்பது ஒரே கேள்வி: "தம்பி இப்போது எங்கே வேலை?" அதற்குப் பயந்து நான் பல வருடம் மாலைத் திருவிழாவைத் தவிர்த்து, விடியற்காலைப் பூசைக்கே போய் வந்தேன். 2018இல் கொழும்பில் கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டு, பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்தவன் நான். அப்பா 2021இல் போய்விட்டார். அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடியில் நாடே படுத்துவிட்டது. 13 மணிநேரம் மின்சாரம் இல்லாத காலத்தில் யார் யாருக்கு வேலை கொடுப்பது? 2024இல், 36 வயதில், ஒரு நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவில் பயிலுநராகச் சேர்ந்தேன். எப்படிச் சேர்ந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

என்னை உள்ளே விட்டது 80 பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று. என்னிடம் இருந்த சான்றிதழை யாரும் கையில்கூட எடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கொப்பிக்கு 2ஆம் படியில் வருகிறேன்.

படி 1: எந்தக் கதவு என்று முடிவெடுங்கள்

கணினித் துறை என்றதும் நிரல் எழுதுவதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அது ஒரு கதவு, அங்கேதான் வரிசையும் நீளம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தவர்களும், உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் டிப்ளோமா முடித்தவர்களும் 23, 24 வயதில் அங்கே நிற்கிறார்கள். நுழைய முடியாது என்று சொல்லவில்லை, அதிக நாள் எடுக்கும் என்கிறேன்.

பக்கத்தில் இன்னும் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று கணினி உதவிப் பணி: ஊழியர்களின் கணினி, வலையமைப்பு, கடவுச்சொல் தொல்லைகளைத் தீர்ப்பது. மற்றது மென்பொருள் சோதனை: ஒரு செயலி எங்கே பிழை விடுகிறது என்று தேடி, வேறொருவர் அதே பிழையைத் திரும்ப வரவழைக்கக்கூடிய விதத்தில் எழுதிக் கொடுப்பது. இந்த இரண்டிலும் உங்கள் பழைய வாழ்க்கை வீணாகாது. கடையில் நின்றவருக்குக் கோபக்காரரோடு பேசத் தெரியும். கணக்கு எழுதியவருக்கு ஒரு சதம் பிசகினாலும் கண்ணில் குத்தும். நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்ததால், இங்கே சொல்வது பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

கணினி இல்லாதவர்கள் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினால் போதும். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. 8ஆம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் புரொசெசர் உள்ள இயந்திரங்களை வின்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்கள் அவற்றைக் கழித்துவிடுகின்றன. அப்படி ஒன்றை வாங்கி, 8 ஜிபி நினைவகமும் எஸ்.எஸ்.டி. என்ற வேக வட்டும் போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுங்கள். நிறுவும்போது தடக்குப்படும் ஒவ்வொரு இடமும் உங்கள் முதல் பாடம். வீட்டில் இருந்து படிக்க முடியாதவர்களுக்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் இருக்கிறது. "இன்னும் வேலை கிடைக்கவில்லையா" என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

படி 2: கொப்பி

ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் வீட்டில், அயலில், தெரிந்த கடையில் கணினி சம்பந்தமாக எது பழுதானாலும் போய்ப் பாருங்கள். பார்த்த ஒவ்வொன்றையும் நான்கு தலைப்பில் எழுதுங்கள்: அறிகுறி, சோதித்தது, காரணம், தீர்வு. தீர்க்க முடியாமல் போனதையும் எழுதுங்கள். பின்னால் திரும்பிப் பார்க்கும்போது நமக்கு அதிகம் பயன்படுவது அந்தப் பக்கங்கள்தான்.

என் கொப்பியின் 14ஆம் பதிவை அப்படியே விளக்குகிறேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு ரியூஷன் நிலையம். இணையம் சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்கு இல்லை. நேற்று இல்லாதவருக்கு இன்று வருகிறது. "சிக்னல் பிரச்சினை" என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த ஊரில் இணையத்துக்கு வரும் எந்த நோய்க்கும் அந்த ஒரே பெயர்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒழுங்காகச் சோதிக்கும் முறை இது. முதலில் வின்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையால் கணினியின் முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், முகவரி பகிர்ந்து கொடுக்கும் டி.எச்.சி.பி. சேவையிடமிருந்து பதில் வரவில்லை, கணினி தனக்குத் தானே ஒரு முகவரி வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 192.168 என்று தொடங்கினால் யாரோ முகவரி கொடுத்திருக்கிறார்கள். அடுத்து பிங் (ping) கட்டளையால் ரூட்டரின் முகவரியைத் தட்டிப் பாருங்கள். பிறகு 8.8.8.8 என்ற கூகிளின் முகவரி. கடைசியாக ஒரு இணையத்தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், கோளாறு பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். பக்கம். ரூட்டர் பதில் சொல்லி 8.8.8.8 சொல்லாவிட்டால், கோளாறு ரூட்டருக்கு அப்பால். உள்ளிருந்து வெளியே, ஒவ்வொரு படியாக.

அந்த ரியூஷன் நிலையத்தில் வேலை செய்த கணினிகளின் முகவரி 192.168.1 என்றும், வேலை செய்யாதவை 192.168.0 என்றும் தொடங்கின. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பேர் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! தேடினால், மேல்மாடி அலுமாரிக்குப் பின்னால் இரண்டாவது ரூட்டர் ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. உரிமையாளரின் மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்தாராம். "மேலே சிக்னல் கூடட்டும்" என்று யாரோ அதையும் வலையமைப்பு வயரில் கொழுவிவிட்டார்கள். முந்திக்கொண்டு பதில் சொல்லும் ரூட்டரிடம் கணினி முகவரி வாங்கும். கனடா ரூட்டரிடம் வாங்கியவர்களுக்கு வெளியே போக வழி இல்லை. அதன் டி.எச்.சி.பி. சேவையை நிறுத்தி, அதற்கு முதல் ரூட்டரின் வரிசையிலேயே ஒரு முகவரி கொடுத்தேன். வேலை 10 நிமிடம், கண்டுபிடிக்க எடுத்தது இரண்டு பின்னேரம்.

இப்படி ஐம்பது பதிவு சேர்ந்தால் உங்களிடம் அனுபவம் இருக்கிறது. சம்பளம் வாங்காத அனுபவம், அவ்வளவுதான் வித்தியாசம்.

படி 3: படிப்பது

கொப்பியில் விடை தெரியாமல் நிற்கும் இடத்தைத்தான் படிக்க வேண்டும். தலைகீழாகப் போனால் நிறையக் காணொளி பார்த்துவிட்டு ஒன்றும் செய்யத் தெரியாமல் இருப்போம். நானும் முதல் எட்டு மாதம் அப்படித்தான் இருந்தேன். அதற்கும் முன்னால் "ஆறு பாடநெறி ஒரே கட்டணத்தில், வேலை உறுதி" என்ற விளம்பரத்தை நம்பி, அம்மாவின் காப்பை அடகு வைத்த காசை ஒரு தனியார் நிலையத்தில் கட்டினேன். கிடைத்தது பளபளப்பான தாளில் அச்சடித்த சான்றிதழ். வேலையைப் பற்றிக் கேட்டால் தொலைபேசியை எடுக்கவில்லை.

காசில்லாமல் கிடைப்பவையே போதும். உதவிப் பணிக்கு அடிப்படை கொம்ப்ரியா ஏ பிளஸ் பாடத்திட்டம். பரீட்சைக் கட்டணம் டொலரில், அதுவும் இரண்டு தாள், அதை இப்போது எழுத வேண்டாம். பாடத்தை மட்டும் புரொபசர் மெசர் என்பவரின் இலவசக் காணொளிகளில் படியுங்கள். வலையமைப்புக்கு சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமியின் இலவசப் பாடங்களும், வயர் இல்லாமலே வலையமைப்பு கட்டிப் பார்க்க பக்கெட் ட்ரேசர் மென்பொருளும் இருக்கின்றன. நிரல் கதவைத் தேர்ந்தவர்களுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையவழிப் பாடநெறித் தொடர்: வலைப்பக்க வடிவமைப்பிலும் பைதன் நிரல்மொழியிலும் தொடங்கி வழங்கி (சேவர்) நிரலாக்கம் வரை போகிறது.

ஒரு பயிற்சியைக் கட்டாயம் செய்யுங்கள். கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் வெர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதற்குள் 180 நாள் சோதனைப் பதிப்பாகக் கிடைக்கும் வின்டோஸ் சேவர் ஒன்றை ஓடவிடுங்கள். ஊழியர் கணக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் அக்டிவ் டிரெக்டரி அமைத்து, கற்பனையாக ஒரு அலுவலகம் உருவாக்கி, பத்துப் பேருக்குக் கணக்குத் திறந்து, ஒருவரின் கடவுச்சொல்லை மாற்றி, இன்னொருவரைப் பூட்டித் திறவுங்கள். உதவிப் பிரிவில் முதல் மாதத்து வேலையில் பெரும்பகுதி இதுதான். மெய்நிகர் கணினி தொடங்கவே மறுத்தால் கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்புக்குள் போய், மெய்நிகராக்கம் (virtualization) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் அதற்கு மூன்று நாள் அழுதேன்.

படிப்படியாகத் தகைமை வேண்டுபவர்களுக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையின் 4ஆம் மட்டமும், கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்தும் வெளிவாரி பி.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்பப்) பட்டமும் நல்ல வழிகள். ஆனால் பட்டம் முடியட்டும் பிறகு வேலை தேடுவோம் என்று இருக்காதீர்கள்.

படி 4: பிறருடைய கணினியில் கை வைப்பது

ஒரு மருந்துக்கடை, ஒரு கோயில் பரிபாலன சபை, உங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம். மூன்று இடம் போதும். முதல் இரண்டு மாதம் காசு கேட்காதீர்கள், அதற்கு மேல் இலவசமாகவும் செய்யாதீர்கள். இலவச வைத்தியருக்கு மரியாதை குறைவு.

நம் ஊர் அலுவலகங்களில் எப்போதும் காத்திருக்கும் வேலை பாமினி. பத்து, பதினைந்து வருடக் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அவற்றை, எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிக் கொடுங்கள். நிரல் பழகுபவர்கள் மாற்றியைத் தாங்களே பைதனில் எழுதலாம். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது என்பதுதான் சுவாரசியம். பாமினியில் "கெ" எழுதக் கொம்பு முதலில் வரும், "க" பிறகு. யூனிகோடில் "க" முதலில், கொம்பு பிறகு. "கொ" என்றால் பாமினியில் கொம்பு, எழுத்து, அரவு என்று மூன்று துண்டு. அதைச் சேர்த்து ஒழுங்கு மாற்றும் நிரலை எழுதி, சோதனைகளோடு, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் வைத்தால், எல்லோரும் செய்யும் "செய்யவேண்டியவை பட்டியல்" செயலியை விட அது ஆயிரம் மடங்கு பேசும்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடைக் கணினிக்குப் புதிய வட்டு போட்டேன். எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நான் நகல் எடுத்தது திரையில் இருந்த குறுக்குவழிப் படங்களை. கணக்கு மென்பொருளின் தரவு வேறொரு கோப்புறைக்குள் இருந்திருக்கிறது. பழைய வட்டை அழிக்காமல் லாச்சிக்குள் போட்டிருந்ததால் மானம் தப்பியது. நகல் எடுத்த கோப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பழைய வட்டை ஒரு மாதம் தொடாதீர்கள். யாருடைய கடவுச்சொல்லையும் கொப்பியில் எழுதாதீர்கள்.

படி 5: சுயவிபரக்கோவை

ஒரு பக்கம் போதும். தகப்பன் பெயர், சமயம், திருமண நிலை எல்லாம் வேண்டாம். அடையாள அட்டை இலக்கத்தை முன்பின் தெரியாத விளம்பரத்துக்கு அனுப்பவே வேண்டாம். இடைவெளியை மறைக்க ஆண்டுகளை மாற்றாதீர்கள். நான் எழுதிய வரி: "2018 முதல் 2022 வரை: நோயுற்ற தந்தையின் பராமரிப்பும் குடும்பப் பொறுப்பும். 2023 முதல்: மூன்று உள்ளூர் நிறுவனங்களுக்குக் கணினி உதவி, பதிவு செய்யப்பட்ட 111 பழுதுகள்." முதல் வாக்கியத்துக்கு விளக்கம் சேர்க்கவில்லை. பரிந்துரையாளர் இருவர் பெயர் கேட்பார்கள். பழைய முதலாளியைத் தேடி அலையாமல் ரியூஷன் நிலைய உரிமையாளரையும் மருந்துக்கடைக்காரரையும் போட்டேன்.

படி 6: விண்ணப்பமும் பொறிகளும்

யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் நடத்தும் கூட்டங்களுக்குப் போங்கள். பின்வரிசையில் இருந்தாலும் சரி, தேநீர் இடைவேளையில் ஒருவரோடாவது பேசிவிட்டு வாருங்கள். பயிலுநர் இடங்கள் பத்திரிகைக்கு வருமுன் வாய்வழியாக நிரம்பிவிடுகின்றன.

நீண்ட நாள் வேலையில்லாதவரைத் தேடியே சிலர் வருவார்கள். பயிற்சிக்கு முற்பணம் கேட்பவர், காணொளிக்கு விருப்பம் போட்டால் காசு தருவதாகச் சொல்பவர், சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்குக் கணினி வேலைக்கு அழைப்பவர். கடைசி வகையை நம்பிப் போன இலங்கையர்கள் மியன்மாரின் மியாவடி பகுதியில் இணையமோசடி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். வெளிநாட்டு வேலை என்றால் வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவர் பதிவு பெற்றவரா என்று கேட்காமல் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

என் கணக்கு: 27 விண்ணப்பம், 4 பதில், 2 நேர்முகத் தேர்வு, 1 வேலை.

படி 7: நேர்முகத் தேர்வு

இரண்டாவது நேர்முகத் தேர்வில் கேட்டார்கள்: "பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று ஒருவர் அழைக்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்?" முதல் நேர்முகத் தேர்வில் இதே கேள்விக்கு பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை மீண்டும் நிறுவுவேன் என்று சொல்லித் தோற்றிருந்தேன். இந்தமுறை, "நேற்று வேலை செய்ததா, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று கேட்பேன். அவருக்கு மட்டுமா, மற்றவர்களுக்குமா என்று கேட்பேன்" என்றேன். தலையாட்டினார்கள்.

பிறகு எதிர்பார்த்தது வந்தது. "இந்த ஆறு வருடம் என்ன செய்தீர்கள்?"

"அப்பாவைப் பார்த்தேன். பிறகு அயலில் பழுதான கணினிகளைப் பார்த்தேன். இதில் இருக்கிறது" என்று கொப்பியை நீட்டினேன். கேள்வி கேட்டவர் 14ஆம் பதிவைப் படித்துவிட்டு, "கனடா ரூட்டர்" என்று பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டிச் சிரித்தார். மிச்ச நேரம் முழுக்க அவர்கள் தங்கள் அலுவலகத்துப் பழுதுகளைப் பற்றித்தான் பேசினார்கள்.

வேலை கிடைத்தால் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். பயிலுநர் காலம் எத்தனை மாதம் என்று எழுதிய கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், நிறுவனம் 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் தனி. கேட்கக் கூச்சப்பட்டு நான் இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். கேட்டபோது மனிதவளப் பிரிவில் இருந்த பெண், படிவத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "முதல் நாளே கேட்டிருக்கலாமே அண்ணா" என்றார்.